எட்டு மாசமா தட்டான் பூச்சி பின்னாடி: இதுவரைக்கும் கத்துக்கிட்டது

கேமரா வாங்கின புதுசுல எது அசைஞ்சாலும் அது பின்னாடி ஓடுவேன். கொக்கு பறந்தா அங்க, அணில் ஓடினா இங்க, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா 400 படத்துல ரெண்டு மூணு தேறும், அதுலயும் பாதி முதுகுப்பக்கம். ஷட்டர் ஸ்பீடுதான் (படம் பதிய ஷட்டர் திறந்திருக்குற நேரம்) பிரச்சனைன்னு நெனச்சேன், ஓரளவுக்கு அது உண்மையும்தான், பறக்குற பறவைக்கு 1/500 நொடி வச்சுக்கிட்டு இருந்தவன் 1/2000க்கு ஏத்தி ஐஎஸ்ஓவை (படத்தை எவ்வளவு பிரகாசமாக்கணுங்குற அளவு) ஆட்டோல விட்டதும் றெக்கை நுனி வரைக்கும் ஷார்ப்பா வர ஆரம்பிச்சுது. நாய்ஸ், அதாவது படத்துல புள்ளி புள்ளியா தெரியுறது, கூடும், கூடட்டும், அதை அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்னும் பண்ண முடியாது.

ஆனா படம் மாறினது மூணாவது மாசம். அன்னிக்கு அலைஞ்சு ஓய்ஞ்சு போய் ஒரு குட்டை ஓரமா உக்காந்துட்டேன். எதிர்ல காஞ்ச குச்சி நுனியில ஒரு சிவப்பு தட்டான். கேமராவைத் தூக்கினதும் பறந்துடுச்சு. சரி போச்சுன்னு இறக்கிட்டேன், கொஞ்ச நேரத்துல அதே குச்சி, அதே நுனி, அதே பக்கம் தலை வச்சு வந்து உக்காருது! மறுபடி போகுது, மறுபடி வருது. பூச்சி பிடிக்கப் போய்ட்டு அந்த இடத்துக்கே திரும்புதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. குச்சி நுனிக்கு ஃபோகஸ் வச்சுட்டு காத்திருந்தேன், துரத்தவே வேண்டியிருக்கல.

அன்னிக்கே குப்புற படுத்தும் பார்த்தேன். நின்னுக்கிட்டு எடுத்தப்ப பின்னாடி முழுக்க இலை, சருகு, ஒரே கசகச. அது கண்ணு மட்டத்துக்கு இறங்கினதும் பின்னாடி இருக்குறது தூரத்து தண்ணி மட்டும்தான், வழவழன்னு ஒரே பச்சை. லென்ஸ் அதேதான், நான்தான் மூணடி கீழ இறங்கியிருக்கேன்.

அப்புறம் விடிகாலைல போக ஆரம்பிச்சேன். தட்டானுக்கு உடம்பு சூடானாத்தான் பறக்க முடியும், அதனால வெயில் ஏறுற வரைக்கும் றெக்கை பூரா பனித்துளியோட அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கும். ரொம்ப கிட்டப் போய் எடுக்குற மேக்ரோ லென்ஸ்ல ஒன்னுக்கு ஒன்னு அளவுக்கு (கேமரா உள்ள படம் பதியுற சென்சார்ல நிஜ அளவுலயே விழுற அளவுக்கு) முகத்துக்கிட்ட போனா, லென்ஸ் துவாரத்தை எஃப்/8க்கு சுருக்கி வச்சாலும் ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான், நாம மூச்சு விட்டாலே ஃபோகஸ் கண்ணுல இருந்து கழுத்துக்குப் போயிடும். அதான் கேமராவை இடுப்பு உயர ட்ரைபாட்ல இல்லாம தரையில ஒரு பீன்பேக் (மணி நிரப்பின பை) மேல வைக்கிறேன், பக்கவாட்டுல முழு தட்டான் எடுக்கும்போது சென்சாரும் உடம்பும் ஒன்னுக்கொன்னு இணையா இருக்கான்னு பார்த்துக்கிறேன்.

கொக்கு தனிக் கதை. கருத்த தண்ணியில வெள்ளைக் கொக்கு நின்னா வெளிச்சத்தை அளக்குற கேமரா மீட்டர் இருட்டைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளுக்க வச்சுடும், இறகு கோடு எதுவுமே தெரியாது, வெள்ளை பேப்பர் ஒட்டின மாதிரி இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது மீட்டர் சொல்றதை விட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ வைக்குற செட்டிங், -1 வச்சதும் கழுத்துல ஒவ்வொரு இறகும் தனித்தனியா வந்துச்சு. இன்னொன்னு, பறவை காத்துக்கு எதிராத்தான் கிளம்பும், இறங்கும். காத்து என் முதுகுல அடிக்கிற மாதிரி நின்னா அது மூஞ்சி என் பக்கம்! முதுகுப்பக்க படமெல்லாம் ஏன் வந்துச்சுன்னு இதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது.

போன மாசம் புதருக்குள்ள ஒரு கூடு கண்ணுல பட்டுச்சு. கிளையை விலக்கினா அருமையான படம் கிடைச்சிருக்கும், ஆனா அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், மறைப்பு எல்லாம். தாய் சுத்திச் சுத்தி கத்த ஆரம்பிச்சதும் திரும்பி வந்துட்டேன், இப்ப அந்தப் பக்கமே போறதில்ல.

இப்ப முயற்சி பண்றது பறக்குற தட்டான். ஒரே எல்லைக்குள்ள ரோந்து வர்ற வகை ஒன்னு இருக்கு, திரும்புற இடத்துல ஒரு நொடி அந்தரத்துல நிக்கும், அந்த இடத்துக்கு ஃபோகஸ் வச்சு காத்திருக்கேன். போன ஞாயித்துக்கிழமை 300 படத்துல ஒன்னு கிடைச்சுது. றெக்கை லேசா கலங்கியிருக்கு, ஆனா கண்ணு ஷார்ப், காலையெல்லாம் நெஞ்சோட மடக்கி வச்சிருக்கு. பெருசா பிரிண்ட் போட குடுத்திருக்கேன்.