மெல்லிறகு வண்டும் கூட்டுப்பட்டாவும்

கேம்பிரிட்ஜ் போய்வந்தவர்கள் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பற்றியும் ஆற்றில் கம்பு ஊன்றித் தள்ளும் படகைப் பற்றியும் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நானும் மகள் வீட்டில் ஐந்து வாரம் இருந்தபோது இரண்டையும் பார்த்தேன். படகில் என் மனைவி ஏற மறுத்துவிட்டாள் என்பதைத் தவிர அதில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. இந்தப் பதிவு ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டைப் பற்றியது.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கேம் ஆற்றின் கரையோரமாகவே நடந்தால் கிராண்ட்செஸ்டர் என்ற சிற்றூர் வருகிறது. வழி நெடுகப் புல்வெளி, மேய்கிற மாடுகள், இடுப்பளவு புல், இடையிடையே மஞ்சள் பூக்கள். வெயில் நம் ஊர் மார்கழிக் காலை போல. எனக்கு மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தடிக்கு ஒரு தும்மல். மகள் பின்தங்கி அம்மாவோடு பேசிக்கொண்டு வர, நானும் ஒன்பது வயதுப் பேரனும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"தாத்தா, இதைப் பாருங்கள்" என்று அவன் குனிந்தான். ஒரு புற்கதிரின் நுனியில் அந்த வண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுவதும் மயில்கழுத்துப் பச்சை, முதுகின் கடைசியில் மட்டும் இரண்டு சிவப்புப் பொட்டுகள். பச்சைப் பட்டுப்புடவைக்கு அரக்கு முந்தானை வைத்தது போல. கதிரிலிருந்து மகரந்தத்தை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் கைக்குட்டையைக் கீழே விரித்துக் கதிரை லேசாகத் தட்டினேன். வெள்ளைத் துணியில் வண்டு விழுந்தது. கூடவே ஒரு சிட்டிகை மஞ்சள் தூள்.

பேரன் ஒரு புல் இதழால் அதைத் தொட்டான். அப்போதுதான் நடந்தது. வண்டின் இரண்டு பக்கங்களிலிருந்தும், நெஞ்சருகே ஒரு சோடி, வயிற்றோரம் ஒரு சோடி என்று, ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பைகள் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. எண்ணெயில் போட்ட பூரி உப்புகிற வேகம். சில நொடிகளில் காற்று இறங்கியது போல அவை உள்ளே போய்விட்டன. மறுபடியும் தொட்டான், மறுபடியும் வந்தன. மூன்றாவது முறை நான் தடுத்துவிட்டேன், பாவம்.

மகளின் அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கோடைக் காலம் முழுக்க வேலிகளைத் தட்டி வண்டு பார்ப்பதுதான் வேலை. அன்று மாலை பேரன் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டியதும், பெயரைச் சொல்வதற்கு முன்பே, "பைகள் வெளியே வந்தனவா?" என்று கேட்டார். வந்தன என்றோம். "அப்படியானால் மலாக்கியஸ் பைபஸ்டுலேட்டஸ். மெல்லிறகுப் பூ வண்டு" என்றார். 'இரண்டு கொப்புளம் உடையது' என்று பெயருக்குப் பொருளாம். அந்தப் பைகளை ரத்த அழுத்தத்தால் வெளியே தள்ளுகிறதாம், எதிரியை விரட்டுவதற்காக என்று கருதுகிறார்களாம். இந்த வண்டு சேர்ந்த துணைக்குடும்பத்தை அடையாளம் காண அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மெல்லிறகு என்பதற்கும் காரணம் சொன்னார். பொதுவாக வண்டுகளுக்கு முன்னிறக்கை இரண்டும் ஓடு போலக் கெட்டியாக இருக்கும். நம் பொன்வண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு அது தோல் போல வளையும். அவ்வளவுதான் விஷயம் என்று நான் நினைத்தேன். அந்த 'அவ்வளவுதான்' இருநூறு ஆண்டுக் குழப்பம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவர் வீட்டுத் தோட்டத்திலேயே இன்னொரு வண்டைப் பிடித்து வந்து காட்டினார். சிப்பாய் வண்டு. இதற்கும் இறகு மெத்தென்று இருந்தது, இதுவும் பூவில்தான் உட்கார்ந்திருந்தது, இரண்டையும் அக்கம்பக்கம் வைத்தால் பங்காளிகள் என்று யாரும் சொல்வார்கள். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்து வகை பிரித்த லின்னேயஸும் 1758-ல் அப்படித்தான் சொன்னார். இரண்டையும் கான்தாரிஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1775-ல் அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் நம் பச்சை வண்டைப் பிரித்து மலாக்கியஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். அதற்குப் பிறகும் மெத்தென்ற இறகுடைய வண்டுகளையெல்லாம் 'மென்தோலர்' என்று ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மின்மினியும் அதே கூட்டத்தில்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இது நன்றாகப் பழகிய கதையாகத் தோன்றியது. அண்ணன் தம்பி, சித்தப்பா மகன், எப்போதோ பக்கத்து நிலத்தை உழுதவன் என எல்லோர் பெயரும் ஒரே கூட்டுப்பட்டாவில் ஏறியிருக்கும். முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது என்று முன்பு யாரோ சேர்த்துவிட்டிருப்பார்கள். பிறகு வாரிசு யார் என்று தேடினால் மூலப் பத்திரத்தில் வேறு சங்கதி இருக்கும்.

இங்கே மூலப் பத்திரம் புழு. வளர்ந்த வண்டை விட்டுவிட்டுப் புழுப்பருவத்தைப் பார்த்தால், சிப்பாய் வண்டின் புழுவும் மலாக்கியஸின் புழுவும் கொஞ்சமும் ஒட்டவில்லை. கிளாஸ்கோவில் இருந்த ராய் க்ரோசன் என்பவர் இப்படிப் புழுக்களையும் உள்ளுறுப்புகளையும் பார்த்து வண்டுக் குடும்பங்களை மறுபடியும் அளந்தவர். 1964-ல் நம் வண்டு சேர்ந்த கிளீராய்டியா என்ற பெருங்குடும்பத்துக்கு ஒரு முழு மறுஆய்வு எழுதினார். முடிவு: சிப்பாய் வண்டு மின்மினிக்குச் சொந்தம். மெல்லிறகு வண்டு கிளீரிடே என்ற கட்டம்போட்ட வண்டுகளுக்குச் சொந்தம். மென்மை என்பது இரண்டு தனித்தனி வீடுகளில் தனித்தனியாக வந்த குணம்.

கிளீரிடே என்றால் யாரோ என்று நான் அசட்டையாக இருந்தேன். பெரியவர் ஒரு பெட்டியைத் திறந்து, "இது உங்கள் நாட்டிலும் இருக்குமே" என்று ஊசியில் குத்திய ஒன்றைக் காட்டினார். நீலப் பளபளப்பு, சிவப்புக் கால். நெக்ரோபியா ரூஃபிபெஸ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொப்பரை மூட்டையைப் பிரித்தால் ஓடுமே, அதே வண்டு! அறுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பரணில் குடியிருப்பவன்.

அடுத்த வாரம் லண்டன் போனேன். கேம்பிரிட்ஜிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், அங்கிருந்து சுரங்க ரயிலில் பிக்காடிலி. பர்லிங்டன் மாளிகையின் முற்றத்தில் ஓவியக் கழகத்துக்குப் பக்கத்திலேயே லின்னேயஸ் சங்கம் இருக்கிறது. முன்பதிவு செய்தால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். லின்னேயஸ் ஸ்வீடன்காரர், அவர் சேகரித்தவை லண்டனில் எப்படி? அதுவும் ஒரு பத்திரக் கதைதான். அவர் 1778-ல் இறந்தார், மகன் 1783-ல். குடும்பம் சேகரிப்பை விற்க முன்வந்தது. 1784-ல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற 24 வயது மருத்துவ மாணவர் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி 1,000 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) வாங்கி மொத்தத்தையும் வாங்கிவிட்டார். ஸ்வீடன் அரசர் கப்பலைத் துரத்த இன்னொரு கப்பல் அனுப்பினார் என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, ஆனால் பொய். ஸ்மித் இறந்த பிறகு சங்கமே அதைக் கடன்பட்டு வாங்கியது. கடன் தீரப் பல பத்தாண்டுகள் ஆனதாம்.

தரைக்குக் கீழே, கனத்த கதவு போட்ட காப்பறை. உள்ளே குளிரூட்டியின் மெல்லிய ஓசை, பழைய தோல் புத்தக வாசம். லின்னேயஸ் தன் புத்தகத்தின் ஓரங்களிலேயே திருத்தி எழுதிய பக்கங்களைக் காட்டினார்கள். ஒட்டிய செடிகளைக் காட்டினார்கள். ஒரு இழுப்பறை நிறைய வண்ணத்துப்பூச்சிகளையும் காட்டினார்கள். என் வண்டைக் காட்டவில்லை. கேட்டிருக்கலாம், பத்துப் பேர் கூட்டத்தில் கைதூக்கக் கூச்சமாக இருந்துவிட்டது. இன்றுவரை மனத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் வேறொன்று கிடைத்தது. லின்னேயஸின் மாணவர்கள் உலகெங்கும் போனதைச் சொல்லும்போது வழிகாட்டி 'டிராங்குபார்' என்றார். நம் தரங்கம்பாடிதான். நான் மயிலாடுதுறைக்காரன், அது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற தூரம். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மாணவர் 1768-ல் அங்கே டேனியக் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தார். செடி, பூச்சி என்று பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அவற்றில் பல, மலாக்கியஸுக்குப் பெயர் வைத்த அதே ஃபாப்ரிசியஸ் கையில் போய்ச் சேர்ந்தன. அவர் புத்தகங்களில் வாழிடம் என்ற இடத்தில் எங்கள் கடற்கரை ஊரின் பெயர் அச்சாகியிருக்கிறது.

மலாக்கியஸ் சேர்ந்த குடும்பத்துக்கு மெலிரிடே என்று பெயர். 1815-ல் லீச் என்ற ஆங்கிலேயர் வைத்தது. உலகில் ஏறத்தாழ 6,000 இனங்கள். தகராறு இங்கேதான் தொடங்குகிறது. மயிரடர்ந்த டாசிடினே, பை வைத்த மலாக்கினே, மெலிரினே ஆகியவை ஒரே குடும்பத்தின் கிளைகளா, தனித்தனிக் குடும்பங்களா? 1994-ல் மாயேர் என்பவர் நிறையத் தனிப்பட்டா கொடுத்தார். ஐரோப்பியப் பட்டியல்களில் டாசிடே, மலாக்கிடே என்று தனிக் குடும்பங்களாகப் பிரித்து எழுதும் வழக்கம் இருக்கிறது. 2019-ல் டி.என்.ஏ.-வை வைத்துக் கிளீராய்டியா முழுவதையும் அளந்தவர்கள் இந்த மூன்றையும் மறுபடி ஒரே மெலிரிடேக்குள் வைத்தார்கள். ராடலிடே போன்ற சிலரை மட்டும் வெளியே தனிக் குடும்பம் ஆக்கினார்கள். ஆக, எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே வண்டு இரண்டு முகவரியில் இருக்கும். என் வேலைக் காலத்தில் இது அன்றாடம். எனக்கு 2019 அளவைதான் பிடித்திருக்கிறது. தேவையில்லாமல் உட்பிரிவு போட்டால் பிறகு வரப்புச் சண்டைதான்.

குடும்பச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பேரினத்துக்குள் இனம் பிரிக்க ஆண் வண்டுகளைத்தான் பார்க்கிறார்களாம். மலாக்கினே ஆண்களுக்கு இனத்துக்கு இனம் வேறு வேறு இடத்தில், நெற்றியிலோ உணர்கொம்பின் அடியிலோ இறகு நுனியிலோ, சுரப்பியோடு கூடிய பள்ளங்களும் கொக்கிகளும் இருக்கின்றன. சேர்வதற்கு முன்னால் பெண் வந்து அந்த இடத்தைக் கடித்துச் சுவைத்துப் பார்க்கும். நம் பெண் பார்க்கும் படலத்தில் மாப்பிள்ளை வீட்டார் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள். இங்கே சாப்பிடுவது பெண், தட்டும் மாப்பிள்ளையே. பெரியவரின் உருப்பெருக்கியில் பார்த்தேன்: நாங்கள் பிடித்ததன் உணர்கொம்பில், அடிக்கணுக்களில் பல் பல்லாக இருந்தது. ஆண்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மகள் கைபேசியோடு வந்து, "அப்பா, அந்த வண்டைக் கையில் விட்டீர்களா?" என்று கேட்டாள். முகம் சரியில்லை. நியூகினியில் பிட்டோகுய் என்ற பறவையின் தோலிலும் இறகிலும் கொடிய நஞ்சு இருப்பதை 1992-ல் அறிவித்திருக்கிறார்கள். கொலம்பியாவின் நச்சுத் தவளையில் இருக்கும் அதே நஞ்சு. அது எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, மலைக் கிராமத்து மக்கள் ஒரு சின்ன வண்டைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'நானிசானி'. தொட்டால் உதடும் முகமும் மரத்துப்போவதைக் குறிக்கும் சொல். 2004-ல் சோதித்தார்கள். கோரெசின் என்ற பேரினம். குடும்பம், நம் மெலிரிடேதான். கேம்பிரிட்ஜில் படித்தபோது இரண்டு கையிலும் வண்டு இருக்க, மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்ட டார்வின் நல்லவேளை நியூகினியில் படிக்கவில்லை.

இங்கிலாந்து வண்டு அப்படியெல்லாம் செய்யாது என்று பெரியவரிடம் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் மகள் சமாதானம் ஆனாள். என் மனைவி மட்டும் அந்தக் கைக்குட்டையை வெந்நீரில் தனியாக அலசினாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் பரணிலிருந்து கொப்பரைச் சாக்கை இறக்கினார்கள். வாயைப் பிரித்ததும் நீலமாக நாலைந்து ஓடின. "எடுத்துப்போய் வெயிலில் கொட்டுங்கள்" என்றாள் மனைவி. கொட்டத்தான் போகிறேன், ஒரு நிமிஷம் பொறு என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன்.