கத்யூஷாவைச் சுமந்த அமெரிக்க லாரி

மாஸ்கோவின் பார்க் பபேடி மெட்ரோ நிலையம் 84 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டரில் மேலே வந்து சேருவதற்குள் ஊருக்கு ஒரு போன் பேசி முடித்துவிடலாம். வெளியே வெற்றிப் பூங்கா. எல்லோரும் பெரிய அருங்காட்சியகத்துக்குள் நுழைய, நான் திறந்தவெளியில் நிற்கும் போர் வண்டிகளைத் தேடிப் போனேன்.

டாங்கிகளை விடுங்கள். நான் பார்க்க வந்தது கத்யூஷா, இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை லாரிமேல் ஏற்றிச் சுட்ட ராக்கெட் ஏவி. எட்டு இரும்புத் தண்டவாளங்கள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என மொத்தம் 16 ராக்கெட்டுகள், 132 மில்லிமீட்டர் ரகம். கிளம்பும்போது சீறும் நெருப்பு முன்கண்ணாடியைப் பதம் பார்த்துவிடும் என்பதால் அதை மூட இரும்புத் தகடு உண்டு.

ரஷ்யர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆயுதம் இது. ஆனால் அடியில் நிற்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஸ்டூடிபேக்கர் லாரி!

1941 ஜூலையில் கத்யூஷா முதன்முதலாகச் சுட்டபோது சோவியத்தின் சொந்த ஜிஸ்-6 லாரியில்தான் இருந்தது. அதற்கு ஆறு சக்கரம் இருந்தும் இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டுமே. ரஷ்யாவில் பனி உருகும் மாதங்களில் சாலையே சேறாகிவிடும். அதில் இது திணறியது. ஸ்டூடிபேக்கர் யுஎஸ்6-இல் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த லெண்ட்-லீஸ் உதவியில் இந்த ரகம் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. ஜெர்மானியர்களைத் துரத்திக்கொண்டு பெர்லின்வரை போன படைக்கு பீரங்கி இழுத்ததும் குண்டு சுமந்ததும் பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிகள்தாம். இதைச் சொல்வதால் செஞ்சேனையின் வீரம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனாலும் சில ஊர்களில் நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கும் கத்யூஷாவுக்கு அடியில் போருக்குப் பிறகு வந்த சோவியத் லாரிதான் இருக்கிறது. காரணத்தை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு லாரி எப்படி வந்து சேர்ந்தது? ஒரு வழி ஈரான். பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் கப்பலில் இறங்கும். கொர்ரம்ஷஹரிலும் அந்திமேஷ்கிலும் அவற்றைப் பூட்டி, சரக்கையும் ஏற்றி வடக்கே ஓட்டிப் போவார்கள். அந்த ஈரான் பாதையில் சரக்கு கொண்டுபோன வேலையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சர்வீஸ் கோர் என்ற போக்குவரத்துப் பிரிவு ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் இருவருக்கு 1944-இல் சோவியத் அரசு செந்நட்சத்திர விருது கொடுத்தது. ஒருவர் ஹவில்தார் கஜேந்திர சிங். இன்னொருவர் சுபேதார் நாராயண ராவ் நிக்கம், நம் தமிழ்நாட்டுக்காரர்.