மதிய ஆராதனை நிறுத்தப்பட்ட ஞாயிறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்து இறங்கி, டெம்பிள் ஸ்கொயர் என்ற ஆலய வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் டென்வரிலிருந்து காரில், வயோமிங் வழியாகப் போனோம். 1856-ல் கைவண்டி இழுத்து வந்த மார்மன் (சால்ட் லேக்கைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவச் சபை) குடும்பங்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்களோ, அதே திசையிலிருந்து அந்த ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் பசித்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட இடம் எதுவானாலும் எனக்கு அது புண்ணியத் தலம்தான்.

ராலின்ஸ் ஊரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பியதும் ஆள் நடமாட்டமே குறைந்துவிடுகிறது. சேஜ் பிரஷ் புதர்கள், மொட்டைப் பாறைக் குன்றுகள், ஓயாத காற்று. நடுவில் ஸ்வீட்வாட்டர் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அங்கேதான் அந்தக் கைவண்டிக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் பனிக்கு ஒதுங்கிய மார்ட்டின்ஸ் கோவ் இருக்கிறது. பழைய பண்ணை வீடு ஒன்றைப் பார்வையாளர் மையமாக மாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். சம்பளம் கிடையாது. சொந்தச் செலவில் வந்து தங்கி, வருகிறவர்களை வரவேற்கிறார்கள். எங்கள் காரின் கதவு திறப்பதற்குள் ஒரு பாட்டி வந்துவிட்டார். "தண்ணீர் எடுத்துக்கொண்டீர்களா? தொப்பி இருக்கிறதா?" இதுதான் முதல் கேள்வி. நாங்கள் யார், எந்த மதம் என்று அவர் கேட்கவே இல்லை.

கைவண்டி ஒன்றை இழுத்துப் பார்க்கத் தந்தார்கள். இரண்டு பெரிய மரச்சக்கரம், மேலே ஒரு பெட்டி, முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை. அதற்குள் நின்று கட்டையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கெட்டித் தரையில் சுலபமாகத்தான் உருண்டது. மணல் வந்ததும் சக்கரம் புதைந்தது. என் மனைவி பின்னாலிருந்து தள்ளியும் நகர மறுத்தது. காலி வண்டிக்கே இந்தப் பாடு.

அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஏழைகள். மாட்டு வண்டிக்குப் பணம் இல்லாததால் கைவண்டி. ரயில் பாதை ஐயோவா சிட்டியோடு முடிந்தது. அங்கிருந்து சால்ட் லேக் வரை சுமார் 2,100 கிலோமீட்டர் நடை. ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி, அதாவது 8 கிலோவுக்கும் குறைவு. வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு தலைவர்களின் குழுக்கள் மிகவும் தாமதமாகக் கிளம்பின. இன்றைய ஒமாஹா நகரத்தில் அடங்கிய ஃபுளோரன்சை விட்டுப் புறப்படும்போதே ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டது.

அங்கே நடந்த கூட்டத்தில் லீவை சாவேஜ் என்பவர் எழுந்து, இப்போது போனால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும், குழந்தைகளும் முதியவர்களும் சாவார்கள் என்று எச்சரித்தார். ஆனால் போவது என்றே முடிவாயிற்று. அப்போது அவர் சொன்னது: நான் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் போவதால் நானும் வருகிறேன். உங்களோடு உழைப்பேன், உங்களோடு ஓய்வெடுப்பேன், உங்களோடு துன்பப்படுவேன், தேவைப்பட்டால் உங்களோடு சாவேன். சொன்னபடியே வில்லி குழுவோடு வந்தார். நட்பு என்றால் எனக்கு இனி முகம் தெரியாத இந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

அவர் பயந்தபடியே நடந்தது. அக்டோபர் 19 அன்று பனி கொட்டத் தொடங்கியது. மாவு தீர்ந்துபோனது. இரண்டு குழுக்களிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைவர்களின் தவறான முடிவுக்கு ஏழைகள் கொடுத்த விலை அது. பக்தியின் பெயரால் அதை மூடி மறைக்க எனக்கு மனம் இல்லை.

இன்னும் இரண்டு குழுக்கள் நடுவழியில் இருக்கின்றன என்ற செய்தி அக்டோபர் 4 அன்றுதான் சால்ட் லேக்குக்கு எட்டியது. மறுநாள் காலைக் கூட்டத்தில் சபைத் தலைவர் பிரிகாம் யங் கேட்டது கோவேறு கழுதைகள், வண்டிகள், 12 டன் மாவு, வண்டி ஓட்ட 40 பேர். நாளைக்கு அல்ல, இன்றைக்கே வேண்டும் என்றார். அங்கே இருந்த லூசி மெசர்வ் ஸ்மித் என்ற பெண்மணி எழுதி வைத்திருக்கிறார்: பெண்கள் ஆராதனைக் கூடத்திலேயே உள்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றி வண்டிகளில் போட்டார்களாம். கொடுத்தவர்கள் வசதியானவர்கள் இல்லை. முந்தைய வருடம்தான் வெட்டுக்கிளியும் வறட்சியும் அவர்கள் விளைச்சலை அழித்திருந்தன. அக்டோபர் 7 அன்று 16 வண்டிகளும் 27 பேரும் கிழக்கே புறப்பட்டார்கள். அப்புறம் இன்னும் பல வண்டிகள் தொடர்ந்தன.

மார்ட்டின் குழு பனிக்கு ஒதுங்கிய குன்றுகளின் மடிப்புதான் இந்தக் கோவ். மீட்க வந்த இளைஞர்கள் பனிக்கட்டி மிதந்த ஸ்வீட்வாட்டர் ஆற்றில் இறங்கி, பலரைத் தூக்கிக்கொண்டே அக்கரை சேர்த்தார்கள். நாங்கள் கோவின் வாசலில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடந்தோம். வழியில் எதிர்ப்பட்டவர்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நானும் என் மொழியில் என் சாமியிடம் அந்த ஆத்மாக்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

பக்கத்திலேயே டெவில்ஸ் கேட் என்ற பாறைப் பிளவு. மனிதர்களை ஏற்றுவதற்காகச் சாமான்களை இங்கே இறக்கி வைத்தார்கள். அவற்றைக் காவல் காக்க டேனியல் ஜோன்ஸ் தலைமையில் 20 பேர் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். உணவு தீர்ந்ததும் மாட்டுத்தோலைத் தின்றார்கள். மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, ஒரு மணி நேரம் வேக வைத்து, பசை இறங்கிய தண்ணீரைக் கொட்டி, கழுவி, மறுபடியும் கூழாகும் வரை காய்ச்சி, ஆறியதும் கொஞ்சம் சர்க்கரை தூவிச் சாப்பிட்டதாக ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். தோலை ஆசீர்வதிக்கும்படி கேட்க அவர்களுக்கு விசுவாசம் போதவில்லையாம். இதை ஏற்கும்படி எங்கள் வயிற்றை ஆசீர்வதியும் என்று ஜெபித்தார்களாம். யாரோ ஏழைகளின் மூட்டை முடிச்சுகளுக்காக இத்தனையும்!

மேற்கே ஓட்டிக்கொண்டு சால்ட் லேக் வந்தோம். டெம்பிள் ஸ்கொயரில் எல்லோரும் ஆலயத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் தென்மேற்கு மூலையில் உள்ள அசெம்பிளி ஹால் முன்னால் போய் நின்றேன். 1856-ல் அங்கே மண் செங்கல்லால் கட்டிய பழைய ஆராதனைக் கூடம் இருந்தது. நவம்பர் 30, ஞாயிறு. மார்ட்டின் குழு ஊரை நெருங்கிவிட்டது. பிரிகாம் யங் மக்களிடம், மதியக் கூட்டம் கிடையாது, பெண்கள் வீட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு உணவு தயார் செய்யட்டும் என்றார். சிலருக்குக் கால்கள் முழங்கால் வரை உறைந்திருக்கும், அவர்களை உங்கள் சொந்தப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஜெபம் நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் புட்டிங்கும் பாலும் தேவைப்படுகிற நேரத்தில் ஜெபம் அவற்றின் இடத்தை நிரப்பாது என்றும் சொன்னார். அன்றைக்கு அந்த ஊரின் அடுப்பங்கரைகள்தான் ஆராதனைக் கூடங்கள்.

தெற்கே நான்கு மணி நேரத்துக்குள் சீடர் சிட்டி போய்விடலாம். அங்கேதான் நெல்லி என்ற பெண்மணி வாழ்ந்தார். இங்கிலாந்திலிருந்து மார்ட்டின் குழுவோடு வந்தபோது ஒன்பது வயது. வழியில் அப்பாவும் அம்மாவும் இறந்தார்கள். அவருடைய உறைந்துபோன கால்களை மயக்க மருந்து இல்லாமல் வெட்டி எடுத்தார்கள். வளர்ந்து, வில்லியம் அன்தாங்கை மணந்து, ஆறு பிள்ளைகளை முழங்காலிட்டபடியே வளர்த்தார். துணி துவைத்தும் பின்னல் வேலை செய்தும் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். பிஷப்பும் அக்கம்பக்கத்தவரும் செய்த உதவிக்கு நன்றியாக, வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளோடு தண்ணீர் சுமந்து போய்ச் சபைக் கூடத்தைத் தேய்த்துக் கழுவினாராம். நம் கோயில்களில் செய்யும் உழவாரப் பணிதான். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அருகில் போனாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மார்ட்டின்ஸ் கோவுக்குக் கோடையில் போங்கள், குளிர்காலத்தில் வயோமிங் சாலைகளைப் பனிக்காக அடிக்கடி மூடுவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கைவண்டியை அவசியம் இழுத்துப் பாருங்கள், குழந்தைகளையும் இழுக்க விடுங்கள்.