எண்ணூர்ல ஒரு சுவரு, பசங்க எழுதுன கவிதை, பர்மிஷனுக்கு அலைஞ்ச அலைச்சல்

சுவர்ல வரைஞ்சு முடிச்சாச்சு, ஆனா கோவம் இன்னும் அடங்கல. வடசென்னைல பசங்கள வச்சு இந்த மாதிரி எதாச்சும் செய்யணும்னு நெனைக்கிறவங்க இதைப் படிச்சுட்டு இறங்குங்க.

எங்க படிப்பகத்துக்கு சாயங்காலம் வர்ற எட்டாவது, ஒம்போதாவது பசங்க எழுதுனதுதான் எல்லாமே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆத்துல பரவுச்சே, அதே மாசம் 26ந்தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா லீக்காகி தூக்கத்துல இருந்த ஜனங்க எழுந்து ஓடுனாங்களே, ரெண்டையும் கண்ணால பாத்த பிள்ளைங்க. எழுதுங்கடான்னு சொன்னதும் எழுதிட்டாங்க, வரைஞ்சும் குடுத்துட்டாங்க.

சுவருக்குத்தான் பாடா பட்டோம். மெயின் ரோட்டோரம் நீளமா ஒரு கவர்மென்ட் காம்பவுண்டு. ஒரு ஆபீஸ்ல கேட்டா அது எங்களது இல்ல, அங்க போங்கன்னாங்க, அங்க போனா சுவர் எங்களதுதான் ஆனா பர்மிஷன் அவங்கதான் தரணும்னாங்க, மனுவை வாங்கி மேசைல வச்சுக்குவாங்க ஆனா சீல் மட்டும் போட மாட்டாங்க. கடைசில ஒரு அதிகாரி டிராயிங்கை பிரிச்சு பாத்தாரு. இடுப்பளவு தண்ணில குனிஞ்சு கையால இறால் தடவுற ஒரு அம்மா, சுத்தி கறுப்பா எண்ணெய், பின்னாடி புகைக்கூண்டு. "நல்லாத்தாம்மா இருக்கு, இந்த சிம்னியெல்லாம் எதுக்கு, எடுத்துட்டு ரெண்டு மயிலு, ஒரு திருக்குறள் போடுங்க, இப்பவே கையெழுத்து போடுறேன்"னாரு. கூட வந்த ஒம்போதாவது பொண்ணு பட்டுன்னு, "சார், எங்க மொட்டை மாடில நின்னா அதுதான் சார் தெரியும்"னு சொல்லிருச்சு. அவரு ஃபைலை மூடிட்டாரு. எனக்கு அந்தப் பொண்ணை நெனச்சு அவ்ளோ பெருமை.

அதனால சொல்றேன், மனுன்னா ரெண்டு காப்பி கொண்டு போங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்காம நகராதீங்க, போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. அதை விட நல்ல வழி, கவர்மென்ட் சுவரையே விட்ருங்க. எங்களுக்கு குடுத்தது மீன் விக்கிற ஒரு ஆயா. "என் சுவரு, எவன் கேப்பான், வரைங்கடா கண்ணுங்களா"ன்னுச்சு. ஆயா வாயால சொன்னாலும் ஒப்புதல் கடிதத்துல கைநாட்டு வாங்கி, வீட்டு வரி ரசீது ஜெராக்ஸும் சேத்து வச்சுக்கிட்டோம். பாதி வரையும்போது ரெண்டு பேர் வந்து யார்கிட்ட கேட்டு வரையறீங்கன்னு அதட்டுனப்போ அந்த பேப்பர்தான் பேசுச்சு.

தெருவுல மைக் வச்சு கவிதை வாசிக்க போலீஸ் பர்மிஷன் தனி. சென்னை சிட்டி போலீஸ் சட்டம் 41வது பிரிவுல மனுவை அஞ்சு நாள் முன்னாடியே குடுக்கணும், நீங்க இன்னும் முன்னாடியே குடுங்க, எங்களுக்கு முந்தின நாள் ராத்திரிதான் கைக்கு வந்துச்சு.

மனசுக்கு கஷ்டமா போனது வேற ஒண்ணு. ஒரு பொண்ணு இப்படி எழுதியிருந்துச்சு:

அப்பா சட்டையை உதறுனா
வீடெல்லாம் சாம்பல்
சோத்துச் சட்டியை மூடு மூடுன்னு
அம்மா கத்துது

அவங்க அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. ராத்திரி என் வீட்டுக்கே வந்துட்டாரு. "எம்பொண்ணு நல்லா எழுதிருக்கு டீச்சர், பேர் மட்டும் வேணாம், என்னை வேலைய விட்டு நிறுத்திருவாங்க"ன்னாரு. எவ்ளோ பயம் இருந்தா ஒரு அப்பன் பொண்ணு எழுதுனதுல அது பேர் வேணாம்னு கேப்பாரு? அன்னிக்கே முடிவு பண்ணி எல்லா கவிதையையும் பேரில்லாம போட்டோம். பிள்ளைங்க எழுதுனதை வெளிய வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல யாரு எங்க வேலை பாக்குறாங்கன்னு கேளுங்க, அவங்க சம்மதத்தையும் எழுதி வாங்குங்க.

பெயின்ட் விஷயம்: இங்க உப்புக்காத்து. பழைய சுண்ணாம்பை வயர் பிரஷ்ல நல்லா சுரண்டி, பிரைமர் அடிச்சு காயவிட்டு, அப்புறம் வெளிச்சுவர் எமல்ஷன் போடுங்க. காசு மிச்சம்னு டிஸ்டெம்பர் பக்கம் போகாதீங்க, ஒரு மழை தாங்காது. மனு, ஒப்புதல் கடிதம், பெத்தவங்க சம்மதக் கடிதம் மூணும் படிப்பகத்துல இருக்கு, ஆறு மணிக்கு மேல வந்தா ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்.