மீனைக் குறைச்சுச் சாப்பிடச் சொல்லுற நாடு

ஒன்டாரியோ அரசாங்கம் மீன் சாப்பிடுறதுக்கு ஒரு அட்டவணை வச்சிருக்கு எண்டு கேட்டநேரம் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது. எந்த ஏரி, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர் நீளம், மாசத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம், பிள்ளை பெறுற வயசுப் பொம்பிளையளுக்கும் சின்னாக்களுக்கும் வேற கணக்கு. யாழ்ப்பாணத்துப் பாசையூர்ச் சந்தையில செவிளைத் தூக்கிப் பாத்து மீன் வாங்கி வளந்த ஆக்கள் நாங்கள். இது செவிளில தெரியாத பழுது.

ஒன்டாரியோவின்ர வடமேற்கில இருக்கிற கெனோராப் பக்கம் வேலைத்தலத்து ஆக்களோட மீன் பிடிக்கப் போனநேரம்தான் முழுக்க விளங்கினது. பிடிச்ச பிக்கரல் மீனை ஏரிக்கரையிலயே வெட்டி, மாவில பிரட்டி, பெரிய இரும்புச் சட்டியில பொரிச்சு உருளைக்கிழங்கோட தருவினம், ஷோர் லஞ்ச் எண்டு பேர், நான் கொண்டுபோன மிளகாய்த்தூளை ஒருக்காத் தூவிவிட எல்லாரும் இன்னும் போடு இன்னும் போடு எண்டு நிண்டினம். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ஒரு அனிஷினாபே மனுசன், இந்த நாட்டுப் பூர்வகுடி, என்ர பெரியப்பா வயசிருக்கும். பெரிய மீனெல்லாத்தையும் திருப்பி விட்டிட்டுச் சின்னனைத்தான் வெட்டினார். ஏன் ஐயா எண்டு கேக்கத்தான் கிராசி நாரோஸ் எண்ட அனிஷினாபே ஊரின்ர கதையைச் சொன்னார்.

1962இல இருந்து 1970 வரைக்கும் டிரைடன் காகித ஆலையோட சேந்த ரசாயனத் தொழிற்சாலை 9,000 கிலோ அளவு பாதரசத்தை வாபிகூன் ஆத்தில விட்டிருக்கு. 1970இல வியாபார மீன்பிடியை நிப்பாட்டிச்சினம், சனத்துக்கு வேலையும் போச்சு சாப்பாடும் போச்சு. விளையாட்டு மீன்பிடி நிக்கேல்லை. மீன் பிடிக்க வாற ஆக்கள் தங்குற பால் லேக் லாட்ஜை மட்டும் அதின்ர சொந்தக்காரர் அந்த வருசமே பூட்டினார், மற்றதுகள் நடந்துகொண்டுதான் இருந்தது. வாற உல்லாசப் பயணி ஒரு கிழமை சாப்பிட்டிட்டு வீட்ட போயிடுவார். வழிகாட்டி கோடை முழுக்க ஒவ்வொரு மத்தியானமும் அதே சட்டியில சாப்பிட்டவர், பின்னேரம் வீட்டயும் மீன்தான். பாதரசம் தசைக்குள்ள இருக்கிறது, பொரிச்சாலும் அவிச்சாலும் போகாது, மற்ற மீனைத் தின்னுற பெரிய மீனிலதான் கூட. பாதரசம் கலந்த மீனால வாற மினமாட்டா நோயை ஆராய்ஞ்ச ஜப்பான் டாக்குத்தர் மசாசுமி ஹராடா 1975இல இங்க வந்து, அதே அறிகுறியளை இந்தச் சனத்திட்டையும் கண்டார்.

இந்த நாடு பழகிட்டுது எண்டுதான் சொல்லுவன், ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்கவும் பழகியாச்சு. ஆனா அண்டைக்கு இரவு முழுக்க எங்கட கடல்தான் நினைவில. தொண்ணூறுகளில கடலுக்குப் போகத் தடை போட்டநேரம் கரையில வலை காய, வீடுகளில வெறும் பருப்பு. அம்மா மீன்சட்டியைக் கழுவிக் கவிட்டு வச்சவா.

குறைச்சுச் சாப்பிடுங்கோ எண்டுற புத்தி சனி ஞாயிறு தூண்டில் போடுற எனக்குச் சரி. மீனே அன்றாடச் சாப்பாடாய் இருக்கிற வீட்டுக்கு அது என்ன புத்தி? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லொறியில வந்து விலை ஏறிக் கிடக்கிற கடைச் சாமானை வாங்கு எண்டுறதுதானே. ஆத்தைத் துப்பரவாக்க 2017இல மாகாண அரசு 85 மில்லியன் டொலர் ஒதுக்கினது, ஆனா பாதரசம் இன்னும் ஆத்துக்கு அடியில கிடக்கு.

கோடைக்கு வடக்க போற எங்கட ஆக்கள் லைசென்ஸ் எடுக்கேக்க அந்த அட்டவணையையும் பாருங்கோ. கிராசி நாரோஸ் சனம் டொரோண்டோவுக்கு வந்து ஊர்வலம் போறவை, அதுக்கும் வாங்கோ.