வெள்ளவத்தைக் கரையில் இரண்டு கற்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் வருபவருக்கு, காலுக்கடியிலுள்ள பாறை இடைவழியில் மாறிவிடுவது தெரிவதில்லை. குடாநாட்டைத் தாங்குவது மயோசின் என்னும் புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல். வவுனியாவை எட்டுவதற்குள் அது முடிந்து, இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு அடித்தளமான மிகப் பழைய, நிலத்தடி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் தொடங்கிவிடுகின்றன. கொழும்பும் அவற்றின் மேல்தான் நிற்கிறது என்பதால், மணலோ ஓடுகளோ படிந்து இறுகிய படிவுப் பாறையை இங்கே தேடுபவர் கடலோரத்துக்கே போகவேண்டும்.

இம்முறை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்குச் சென்றேன். தண்டவாளத்தைக் காக்கக் குவித்திருக்கும் பெரிய கற்கள் கற்குவாரிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அலை பின்வாங்கும்போது தலைகாட்டும், கடலை நோக்கி மெல்லச் சரிந்த பழுப்புநிறத் தட்டுப் பாறைதான் கடற்கரை மணற்கல்.

உதிர்ந்து கிடந்த துண்டொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அதன் பூர்வீகம் தெரிந்துவிடுகிறது. களுகங்கை, களனிகங்கை போன்ற ஆறுகள் உள்நாட்டுப் பாறைகளை அரித்துக் கடலில் சேர்த்த படிகக்கல் (குவாட்ஸ்) மணிகளே அதில் மிகுதி. இடையிடையே கரிய கனிம மணிகளும் சிப்பித் தூள்களும் உள்ளன. வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட பகுதியில் மணலுக்குள் தங்கும் நீர் ஆவியாகி, கரியமில வாயுவை இழக்கும்போது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து மணிகளை ஒட்டிவிடுகிறது. இந்த வேலை சில பத்தாண்டுகளிலேயே நடந்துவிடக்கூடும். உலகின் சில கரைகளில் இவ்வகைப் பாறைக்குள் கண்ணாடிப் போத்தல்கள்கூடச் சிக்கியிருக்கின்றன.

பையில் கொண்டுவந்திருந்த யாழ்ப்பாணத்துக் கல்லின் கதை வேறு. ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசின் காலத்தில், ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள், சிப்பிகள், பவளங்கள் ஆகியவற்றின் ஓடுகள் குவிந்து இறுகியது அது. மணற்கல்லில் சுண்ணாம்பு வெறும் பசை. இதிலோ உடலே சுண்ணாம்பு.

வீட்டுக்கு வந்து, இரண்டிலும் சிறிது பொடித்து வினாகிரி ஊற்றினேன். இரண்டுமே நுரைத்தன. ஆனால் யாழ்ப்பாணத்துப் பொடி பெரும்பாலும் கரைந்து மெல்லிய வண்டல் மட்டும் எஞ்ச, வெள்ளவத்தைப் பொடியோ பசை கழன்று மீண்டும் மணலாகவே கிண்ணத்தின் அடியில் தங்கியது. சமையலறை வினாகிரிக்கு இதற்கு நெடுநேரம் பிடித்தது. பாடசாலை ஆய்வுகூடத்து ஐதரோகுளோரிக் அமிலமென்றால் நிமிடங்களில் முடிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை வடக்கில் தண்ணீரிலும் காணலாம். காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதாலேயே அங்கு நிலத்தடிக் குகைகளும், நிலாவரை போன்ற ஆழ்கிணறும் உண்டாயின. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாததற்கும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டுவதற்கும் இதே கல்தான் காரணம். கொழும்பின் மணற்கல் மெல்லிய தட்டு. நிலத்தடி நீரைத் தேக்கும் வேலை அதற்கில்லை. வரும் அலையின் வேகத்தைக் குறைத்து, பின்னாலுள்ள மணல் அரிபடாமல் காப்பதே அதன் பயன். அதனால் அதை உடைத்து மாதிரி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்; உதிர்ந்த துண்டுகளே போதும்.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒன்று: கொழும்பில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாயிருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில், வற்று நேரத்தை விசாரித்துக்கொண்டு போவதே நல்லது.