குழந்தையின் நீளத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்

ஒவ்வொரு தடுப்பூசிக்கும் மகளின் எடையைக் கார்டில் குறித்துத் தந்தார்கள். உயரத்துக்கான இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. 15 மாதம் ஆனதும் நானே கேட்டேன். சுவரில் ஒட்டிய டேப்பை ஒட்டி நிற்க வைத்தார்கள். அவள் அழுது காலை மடக்கினாள். அப்படியே 69 செ.மீ. என்று எழுதிவிட்டு, அளந்த அம்மா சொன்னது இன்னும் ஆறவில்லை: "உன் பால்ல சத்து இல்லம்மா, நிறுத்திட்டு பவுடர் பால் குடு."

ஒரு வயதுக்குப் பிறகும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். யார் சொன்னாலும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். மாமியார் பயந்துபோய் பவுடர் டப்பாவே வாங்கி வந்துவிட்டார், நான் பிரிக்கவில்லை.

இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கான பலகை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தது, ஆனால் பூட்டிய அறைக்குள். சாவி வைத்திருந்தவர் முகாமுக்குப் போயிருந்தார். அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை நீட்டி, பாதத்தைப் பலகையில் பதித்து அளந்தார்கள். 71.5. அந்த வயதுப் பெண் குழந்தை 72-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. குறை உண்மைதான், ஆனால் பழி பால் மேல் இல்லை. காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "பல் வரும்வரை கஞ்சித் தண்ணி போதும்" என்று முன்பு ஒரு கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதில் வயிறு நிறைந்ததே தவிர சத்து சேரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் பாலோடு கெட்டியான சாப்பாடும் வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது. நெய் விட்ட பருப்பு சாதம், மசித்த முட்டை, கீரை என்று மூன்று நான்கு வேளை, நடுவில் சத்துமாவு. தாய்ப்பால் வழக்கம்போல.

18 மாதத்தில் அதே பலகையில் 75.1! அந்த வயதுக்கான எல்லை 74.9. ஓரத்தில்தான் இருக்கிறாள், ஆனாலும் தாண்டிவிட்டாள். கார்டில் 'படுக்க வைத்து அளந்தது' என்றும் எழுதி வாங்கினேன். நிற்க வைத்தால் சுமார் 7 மி.மீ. குறைவாகக் காட்டும், அடுத்த முறை வேறு யாராவது அளந்துவிட்டு வளரவில்லை என்று சொல்லிவிடக் கூடாது.